ஒரு கோடி ரூபாயில் ஓர் இருக்கை: கொடைப் பத்திரம் முதல் பணி ஆணை வரை

இது ஒரு மாதிரி நிகழ்வு. இருக்கை என்பது கொடை நிதியின் வருவாயில், ஒருவர் பெயரில் நடக்கும் பேராசிரியர் பதவி. இதில் வரும் குடும்பமும் பல்கலைக்கழகமும் பாடத்துக்காக அமைத்துக்கொண்டவை. விதிகள், ஊதியக் கணக்கு, நடுவே வரும் வரலாற்றுச் செய்திகள் ஆகியவை உண்மையானவை.

வந்த கடிதம்

தம்பிக்குப் பண்ருட்டியில் முந்திரித் தொழில். அக்கா பாரிசுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். அப்பா புதுச்சேரியில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியை அடுத்த பழந்துறைமுகமான அரிக்கமேடு என்றால் சாப்பாட்டை மறந்து பேசுவார். அவர் காலமான பிறகு பிள்ளைகள் இருவரும் ஒரு கோடி ரூபாய் ஒதுக்குகிறார்கள். அக்காவின் பங்கு 60 லட்சம், தம்பியின் பங்கு 40 லட்சம். புதுச்சேரி வட்டாரத்தில் சட்டத்தின் வழி நிறுவப்பட்ட ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்குத் தம்பி பிப்ரவரி மாதம் கடிதம் எழுதுகிறார்.

கடிதத்தில் கேட்டவை ஐந்து. அப்பா பெயரில் ‘அரிக்கமேடு ஆய்வு இருக்கை’. அதற்கு நிரந்தரமாக ஒரு முழுநேரப் பேராசிரியர். முதல் பேராசிரியராக அப்பாவிடம் படித்த மாணவர். தேர்வுக்குழுவில் குடும்பத்தார் ஒருவர். வரும் ஜூலையிலேயே தொடக்கம். கடைசியில் கேட்டபடி கிடைத்தது அப்பாவின் பெயர் மட்டும்தான். மற்ற நான்கும் ஏன் மாறின என்று பார்த்தால், இருக்கையில் யார் உட்காரப் போகிறார் என்பதில் பெரும்பகுதி நேர்காணல் அறைக்கு வெகுமுன்பே, கொடைப் பத்திரத்திலேயே முடிவாகிவிடுவது தெரியும்.

கணக்கு முதலில்

பேராசிரியர் ஊதியத்தின் தொடக்கம் ஏழாவது ஊதியக்குழுப்படி 14ஆம் நிலை, மாதம் ரூ.1,44,200. அகவிலைப்படியை 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ரூ.72,100. புதுச்சேரிக்கு வீட்டுவாடகைப்படி 20 சதவீதம், ரூ.28,840. ஓய்வூதியத் திட்டத்துக்கு நிறுவனம் கட்டவேண்டியது அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம், ரூ.30,282. மொத்தம் மாதம் ரூ.2,75,422, ஆண்டுக்கு ஏறக்குறைய 33 லட்சம். இது சேர்ந்த முதல் ஆண்டின் கணக்கு. ஆண்டு ஊதிய உயர்வும் அகவிலைப்படி உயர்வும் பிறகு ஏறிக்கொண்டே போகும்.

ஒரு கோடியை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 7 லட்சம். முழுவதையும் செலவழித்தால் விலைவாசி ஏற ஏற முதலின் மதிப்பு தேய்ந்துவிடும். எனவே 5 சதவீதத்தைச் செலவுக்கு வைத்து 2 சதவீதத்தை மீண்டும் முதலில் சேர்ப்பது கவனமான நடைமுறை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில ஆண்டுகளின் சராசரி மதிப்பில் 4 முதல் 5 சதவீதம் வரை மட்டுமே எடுப்பதும் இதே காரணத்துக்காக. 5 சதவீதத்தில் 33 லட்சம் வரவேண்டுமானால் முதல் 6 கோடியே 60 லட்சம் ஆகிறது. ஓர் ஆய்வு உதவியாளர், நூல், களப்பயணம் என்று இன்னும் 7 லட்சம் சேர்த்தால் 8 கோடி. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டச் சொன்னதில் வியப்பில்லை. 5 சதவீதத்தில் அது 3 லட்சம் டாலர்தான். தமிழ்நாடு அரசு தந்த 10 கோடி ரூபாயும் அந்தத் தொகைக்குள் ஒரு பங்கு.

ஒரு கோடிக்கு என்ன கிடைக்கும்? நிதி அலுவலர் மூன்று வழிகளை எழுதித் தந்தார். முதலையே செலவழித்து ஒப்பந்தப் பேராசிரியர் வைத்தால் மூன்று ஆண்டுகளில் பணம் தீர்ந்துவிடும், பெயரும் அதோடு போய்விடும். ஏற்கெனவே பணியில் இருக்கும் பேராசிரியர் ஒருவருக்கு இருக்கைப் பெயரைச் சூட்டினால் ஊதியம் பல்கலைக்கழகத்தினுடையது; ஆண்டுக்கு 5 லட்சம் அவருடைய ஆய்வுக்குப் போகும். வெளிநாடுகளில் பல இருக்கைகள் இப்படித்தான் உள்ளேயே நிரப்பப்படுகின்றன. மூன்றாவது, வருகைதரு இருக்கை. ஆண்டுக்கு ஒரு பருவம், நான்கு மாதம், மாதம் ஒரு லட்சம் மதிப்பூதியம், பயணத்துக்கும் தங்கலுக்கும் ஒரு லட்சம்.

சிறு நிதிக்கு இரண்டாவது வழியே சிறந்தது என்பது எங்கள் கருத்து. குடும்பம் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தது. உள்ளூர்த் துறையில் இல்லாத புலமை வெளியிலிருந்து வரட்டும் என்பது அக்காவின் எண்ணம். அதிலும் நியாயம் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தின் நூலகமும் ஓலைச்சுவடிகளும் இருப்பதால் நான்கு மாதம் வந்து தங்க நல்ல ஆய்வாளர்கள் தயங்கமாட்டார்கள்.

மூன்றாவது வழியிலும் ஒரு தேய்மானம் இருக்கிறது. ஆண்டுக்கு 2 சதவீதம் சேர்த்தால் ஒரு கோடி 20 ஆண்டில் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அதில் 5 சதவீதம் ஏழரை லட்சம். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் இன்றைய 5 லட்சத்தின் வேலையைச் செய்ய அப்போது 13 லட்சத்துக்கு மேல் வேண்டும். நான்கு மாத இருக்கை இரண்டே கால் மாதமாகச் சுருங்கிவிடும். தமிழ்த் துறைகளில் தூங்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளின் கதை இதுதான். ஒரு காலத்தில் பெரிதாக இருந்த தொகையின் வட்டி இன்று பேச்சாளரின் பேருந்துக் கட்டணத்துக்கும் பொன்னாடைக்கும் சரியாகப் போகிறது.

பழைய நிலக்கொடைகளுக்கு இந்தத் தேய்மானம் இல்லை. புதுச்சேரியை ஒட்டிய திருபுவனைக் கோயில் கல்வெட்டு 11ஆம் நூற்றாண்டு நடுப்பகுதியைச் சேர்ந்தது, சோழ மன்னன் முதலாம் இராசாதிராசன் காலத்தது. அங்கே 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரிக்கு நிலம் விடப்பட்டது; ஊதியம் நெல்லாக அளக்கப்பட்டது. நெல்லின் விலை ஏறினால் ஊதியத்தின் மதிப்பும் கூடவே ஏறும். கேம்பிரிட்ஜில் 1663இல் ஹென்றி லூக்காஸின் உயிலால் ஏற்பட்ட கணிதப் பேராசிரியர் பதவிக்கும் அடிப்படை நிலம்தான். அதில் 1669இல் நியூட்டன் அமர்ந்தார். வங்கி வைப்புக்கு இந்த வசதி இல்லை. ஆகவே அதற்குப் பத்திரத்தில்தான் வழி செய்யவேண்டும்: வருவாய் போதாத நிலையில் பருவத்தைக் குறைக்கலாம் அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தலாம், குடும்பமோ வேறு யாருமோ எப்போது வேண்டுமானாலும் முதலைக் கூட்டலாம்.

ஜூலைத் தொடக்கம் இங்கேயே அடிபட்டது. பணம் மார்ச்சில் வைப்பாகிறது என்றால் முழு ஆண்டு வட்டி அடுத்த மார்ச்சில்தான் கைக்கு வரும். அவசரமென்றால் முதல் ஆண்டுச் செலவை முதலோடு சேராத தனி நன்கொடையாகத் தரவேண்டும். தம்பி அப்படி 5 லட்சம் தரச் சம்மதித்தார்.

பணம் வரும் வழி

புதுச்சேரியில் இது தனிச் சிக்கல். 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அக்காவிடம் இருப்பது பிரெஞ்சுக் கடவுச்சீட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டையும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வாழ்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் வெளிநாட்டுக் குடிமகன். அவர் தருவது எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு நன்கொடை. பிறந்த ஊர் புதுச்சேரி முத்தியால்பேட்டை என்பதால் இது மாறிவிடாது.

“என் கணக்குக்கு அனுப்பு அக்கா, நான் சேர்த்துக் கட்டிவிடுகிறேன்” என்று தம்பி சொல்வது இயல்பு. அதைச் செய்யக்கூடாது. வெளிநாட்டு மூலத்திலிருந்து வந்த பணம் இன்னொருவர் கை வழியாக வந்தாலும் வெளிநாட்டு நன்கொடையாகவே கருதப்படும் என்று சட்டமே சொல்கிறது. தணிக்கையில் சிக்குவது பல்கலைக்கழகம்.

சட்டத்தால் நிறுவப்பட்டு, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) தணிக்கை கட்டாயமாக உள்ள அமைப்புகளுக்கு 2020 ஜனவரி அறிவிக்கை விலக்கு அளிக்கிறது. நம் நிகழ்வில் வரும் பல்கலைக்கழகம் அந்த வகை; அக்கா நேரடியாக அனுப்ப முடிந்தது. இதே பணத்தை ஒரு சுயநிதிக் கல்லூரியின் அறக்கட்டளையோ முன்னாள் மாணவர் சங்கமோ வாங்குவதானால் எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ வேண்டும்; பணம் முதலில் டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கில்தான் இறங்கவேண்டும்.

“இந்தத் தொகை நிலைநிதிக்கு”, அதாவது செலவழிக்காமல் வைக்கும் முதலுக்கு, என்று கொடையாளர் கையெழுத்திட்ட கடிதமும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் பணம் பொதுவருவாயில் கலந்துவிடும். பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

பத்திரத்தில் சண்டை நடந்த இடங்கள்

முதலில் நோக்கம். ‘அரிக்கமேடு ஆய்வு’ என்று மட்டும் எழுதினால் இந்தியாவில் தகுதியானவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1945இல் தொல்லியலாளர் வீலர் அங்கே தோண்டினார். அடுத்து 1947 முதல் 1950 வரை கசால். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு. அந்த மண்ணைத் தொட்டு ஆய்ந்தவர்கள் எப்போதுமே சிலர்தான். இரண்டு ஆண்டு ஆள் கிடைக்காமல் போனால் மூன்றாம் ஆண்டு யாரும் தேடவே மாட்டார்கள். திருத்திய வாசகம் இது: “சோழமண்டலக் கடற்கரையின் தொல்லியலும் கடல் வணிக வரலாறும், அரிக்கமேட்டுக்கு முன்னுரிமை.” பரங்கிப்பேட்டையும் தேவனாம்பட்டினமும் உள்ளே வந்துவிட்டன. நாணயவியல் அறிஞர் வரலாம், பானையோட்டு வல்லுநர் வரலாம், டச்சு ஆவணம் படிப்பவரும் வரலாம்.

குறுகிய நிபந்தனை எவ்வளவு தூரம் இடைஞ்சல் செய்யும் என்பதற்குத் திருச்சியில் பிறந்த சி.வி. ராமனே சாட்சி. கல்கத்தாவில் தாரக்நாத் பாலித் அளித்த கொடையால் ஏற்பட்ட பேராசிரியர் பதவியை இந்தியர்களுக்கே தரவேண்டும் என்பது ஒரு நிபந்தனை. வெளிநாட்டுப் பயிற்சி பற்றியும் ஒரு நிபந்தனை இருந்தது. வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வரமாட்டேன் என்று ராமன் மறுத்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தை வழிநடத்திய ஆசுதோஷ் முகர்ஜியின் முயற்சியில் அந்த நிபந்தனை தளர்ந்ததால்தான் 1917இல் ராமன் அதில் சேர முடிந்தது. தளர்த்தவைக்கும் செல்வாக்கு உள்ள ஆளும் மனமும் அன்று இருந்தன. அது வாய்ப்பு, ஏற்பாடு அல்ல. எனவே இந்தப் பத்திரத்தில், தொடர்ந்து இரண்டு ஆண்டு ஆள் கிடைக்காவிட்டால் ஆட்சிக்குழு நோக்கத்துக்கு நெருங்கிய துறைக்கு விரிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

அடுத்தது அப்பாவின் மாணவர். பத்திரத்தில் நபர் பெயரை எழுத எந்தப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொள்ளக்கூடாது. கொடையாளர் தேடல் குழுவுக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கலாம். அவையும் மற்றப் பெயர்களோடு ஒரே பட்டியலில் போகும், அவ்வளவுதான். தம்பிக்கு இது கசந்தது. “காசு கொடுக்கிறது நாங்க, ஆள் மட்டும் நீங்களா சார்?” என்று பதிவாளரிடம் கேட்டார். உலகம் முழுக்கக் கேட்கப்படும் கேள்வி அது. டெக்சஸ் செல்வந்தர் லீ பாஸ் 1991இல் யேல் பல்கலைக்கழகத்துக்கு 2 கோடி டாலர் தந்துவிட்டு, அந்த நிதியில் அமரும் பேராசிரியர்கள் நியமனத்தில் தன் ஒப்புதலும் வேண்டும் என்றார். யேல் மறுத்து, 1995இல் பணத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டது.

கொடையாளர் உயிரோடு இல்லாவிட்டாலும் அவருடைய நோக்கம் தேர்தலில் வாக்குச் சேகரிக்கும். கர்னல் போடன் ஆக்ஸ்போர்டில் வடமொழி இருக்கை வைத்தது வேதாகமத்தை வடமொழியில் பெயர்த்து இந்தியர்களை மதம் மாற்ற உதவும் என்று. 1860இல் அந்த இருக்கைக்கு மேக்ஸ் முல்லரும் மோனியர் வில்லியம்சும் போட்டியிட்டார்கள். தேர்ந்தெடுத்தவர்கள் வல்லுநர்கள் அல்ல. பல்கலைக்கழகப் பட்டதாரிகள் கூடி வாக்களித்தார்கள், அவர்களில் பாதிரியார்கள் பலர். மோனியர் வில்லியம்சுக்கு 833, மேக்ஸ் முல்லருக்கு 610. புலமை மட்டுமே அளவுகோல் என்றால் முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும் என்று இன்றும் சொல்வார்கள். அந்த மதமாற்ற வாசகம் பிற்காலத்தில் விதிகளிலிருந்து நீக்கப்பட்டது.

குழுவில் குடும்பத்தார் என்ற கோரிக்கைக்கு ஈடாக இரண்டு உரிமைகள் தரப்பட்டன: ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கையும் பணி அறிக்கையும் பெறுவது, தொடக்க உரையில் கலந்துகொள்வது. கேட்டதைவிட இது பயனுள்ளது. அறிக்கை கேட்கும் ஒருவர் இருந்தால்தான் வைப்பு முதிர்வுத் தேதி யாருக்காவது நினைவிருக்கும். முதிர்ந்த வைப்பைப் புதுப்பிக்க மறந்து, தொகை சேமிப்புக் கணக்கின் குறைந்த வட்டியில் மாதக்கணக்கில் கிடப்பது அலுவலகங்களில் மிகச் சாதாரணமான விபத்து. அதனால் இருக்கை நின்றுபோகாது. ஆனால் அந்த ஆண்டு இரண்டு மாத மதிப்பூதியம் காணாமல் போகும்.

பெயர் பற்றிச் சண்டை வரவில்லை. வரவும் தேவையில்லை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கொடையால் 1929இல் சிதம்பரத்தில் எழுந்த பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு தனிச் சட்டம் இயற்றி எடுத்துக்கொண்டது. நிர்வாகம் மாறியும் பெயர் நிற்கிறது.

தேடலும் தேர்வும்

நிரந்தரப் பேராசிரியர் பணியிடம் என்றால் பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018 ஒழுங்குமுறை அப்படியே பொருந்தும்: முனைவர் பட்டம், குறைந்தது 10 ஆய்வு வெளியீடுகள், 10 ஆண்டு அனுபவம், 120 ஆய்வுப் புள்ளி. துணைவேந்தர் தலைமையில் குழு. வேந்தர் அல்லது குடியரசுத் தலைவரின் பிரதிநிதி, மூன்று பாட வல்லுநர்கள், புலமுதல்வர், துறைத்தலைவர். நான்கு பேர் இருந்தால் கூட்டம் செல்லும், ஆனால் அதில் வெளி வல்லுநர் இருவர் இருந்தாக வேண்டும். பல தேர்வுகள் நீதிமன்றத்தில் விழுவது இந்த எண்ணிக்கையில்தான். அனுமதிக்கப்பட்ட பணியிடம் என்றால் இடஒதுக்கீட்டுச் சுழற்சியும் வரும்.

வருகைதரு இருக்கை அனுமதிக்கப்பட்ட பணியிட எண்ணிக்கைக்கு வெளியே நிற்பது. பல மத்தியப் பல்கலைக்கழகங்களின் நிலைச்சட்டத்திலேயே, உயர்ந்த புலமை உள்ள ஒருவரை விண்ணப்பம் இல்லாமலே அழைக்க ஆட்சிக்குழுவுக்கு அதிகாரம் தரும் பிரிவு உண்டு. விளம்பரம் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். தன் துறையில் பெரியவராக உள்ளவர் நான்கு மாத வேலைக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிச் சான்றொப்பம் வாங்கி அனுப்பமாட்டார். விளம்பரத்துக்கு வருவது பெரும்பாலும் வேலை தேடும் இளம் முனைவர்கள். அவர்களுக்கு இது ஏற்ற இடமும் அல்ல. அதேசமயம் முழுக்க அழைப்பு முறையில் போனால் துணைவேந்தருக்குத் தெரிந்தவரே வருவார். இரண்டையும் கலந்தார்கள்: இணையதளத்தில் திறந்த அறிவிப்பு, கூடவே பத்துத் துறைகளுக்குப் பெயர் கேட்டுக் கடிதம்.

குழு ஐந்து பேர். துணைவேந்தர், புலமுதல்வர், துறைத்தலைவர், வெளி வல்லுநர் இருவர். பட்டியலில் உள்ளவரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர், அவருக்கு நெறியாளராக இருந்தவர், உறவினர் எவரும் அந்தப் பெயர் பேசப்படும்போது அறையில் இருக்கக்கூடாது என்று கையெழுத்து வாங்கப்பட்டது. நம் ஊர் வரலாற்றுத் துறைகளில் எல்லாரும் எல்லாருக்கும் மாணவர். இந்தத் தாள் இல்லாவிட்டால் பிற்பாடு ஒரு மொட்டைக் கடிதம் போதும், இருக்கையே நின்றுவிடும்.

வந்த பெயர்கள் பதினொன்று. அப்பாவின் மாணவரும் அதில் ஒருவர். பள்ளிக் கல்வியில் நல்ல பெயர் எடுத்தவர்தான், ஆனால் கடல் வணிகம் பற்றிய ஆய்வு வெளியீடு இல்லாததால் முதல் சுற்றிலேயே விடுபட்டார். நால்வரைச் சுருக்கப் பட்டியலில் வைத்து, அவர்களுடைய ஆய்வைப் பற்றி ஒவ்வொருவருக்கும் இரண்டு வெளி மதிப்பீட்டுக் கடிதம் வாங்கினார்கள். பிறகு நான்கு மாதத்தில் என்ன பாடம் நடத்துவீர்கள், எத்தனை மாணவரோடு, என்ன மிச்சம் வைத்துப் போவீர்கள் என்று இரண்டு பக்கத் திட்டம் கேட்டார்கள். பெரிய பெயர் ஒன்று இங்கேதான் கழன்றது. மூன்று பொதுச் சொற்பொழிவு தவிர வேறெதுவும் அவர் எழுதவில்லை. ஓடு வகைப்படுத்தும் பயிற்சியை 12 மாணவருக்கு வாரம் இரு நாள் நடத்துகிறேன் என்று எழுதிய இன்னொருவர் தேர்வானார்.

காலக்கணக்கைப் பின்னாலிருந்து போடவேண்டும். ஜூலையில் வகுப்பு என்றால் ஆணை மார்ச்சுக்குள் போகவேண்டும், ஏனென்றால் தேர்வானவர் பணியில் இருப்பவராக இருந்தால் அவருடைய பல்கலைக்கழகம் விடுப்பு தர மூன்று மாதம் எடுக்கும். ஆட்சிக்குழு ஒப்புதல் பிப்ரவரி. மதிப்பீட்டுக் கடிதங்கள் டிசம்பர், ஜனவரி. அறிவிப்பு செப்டம்பர். இந்தக் கணக்கில், தம்பியின் 5 லட்சம் கையில் இருந்தும், முதல் பேராசிரியர் சேர்ந்தது கடிதம் வந்த அடுத்த ஆண்டு ஜூலை.

பணி ஆணை

“மதிப்பூதியம் மாதம் ஒரு லட்சம்” என்று ஒரு வரியில் ஆணை போடுவது வழக்கம். பாதிச் சச்சரவு அந்த ஒரு வரியில் முளைக்கும். இந்த ஆணையில் எழுதியவை: வரிப் பிடித்தம் போகவா சேர்த்தா, விருந்தினர் விடுதி வாடகை யார் பொறுப்பு, எந்த வகுப்புப் பயணக் கட்டணம், எத்தனை முறை, களப்பயணத்துக்கு வண்டி, நூலக உறுப்பினர் அட்டை, எடுத்த ஒளிப்படங்களும் தரவுகளும் யாருடையவை, கட்டுரையில் இருக்கையின் பெயரை எப்படிக் குறிப்பது. வெளிநாட்டவரென்றால் சுற்றுலா விசாவில் வந்து மதிப்பூதியம் வாங்க முடியாது. உரிய விசாவுக்கான அழைப்புக் கடிதமும் இதோடு போகவேண்டும்.

கடைசி மாத மதிப்பூதியம் பணி அறிக்கை வந்த பின்பே. அறிக்கையின் ஒரு படி பண்ருட்டிக்கும் ஒரு படி பாரிசுக்கும் போகிறது. ஆள் அமராத ஆண்டின் வட்டியில் பாதி முதலில் சேரும். மறுபாதி அதே துறையில் முனைவர் பட்டம் செய்யும் ஒருவருக்கு ஓராண்டு உதவித்தொகை. ஒருமுறை அமர்ந்தவர் மூன்று ஆண்டு கழித்துத்தான் மறுபடி அமரலாம். இரண்டாம் முறைக்கான அறிவிப்பு செப்டம்பரில் வரவேண்டும் என்று பத்திரத்திலேயே மாதம் குறித்திருப்பதால் புதிய துணைவேந்தர் வந்தாலும் கோப்பு மேசையிலேயே தங்கிவிடாது.